சங்கு ஊதாத ஆலைகள்

கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கள்ளக்குறிச்சி வட்டாரத் தோழர்கள் அனைவரும் அறிவர். அரவைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். ஆலை ஓடுகிறது என்பதற்காக ஒரே தொழிலாளி இரவும் பகலும் ஓட வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்தால் அடுத்த ஆள் வந்து நிற்பான். இவன் கை கழுவிக்கொண்டு சைக்கிளை எடுப்பான். மேற்கொண்டு நிறுத்திவைத்தால் அதற்குப் பெயர் ஓவர்டைம். அதற்குக் கணக்கு உண்டு, இரட்டைக் கூலி உண்டு. கொடுக்கத் தவறினால் கேட்பதற்குச் சங்கம் உண்டு. ஆலைச் சங்கு என்பது வெறும் ஓசையன்று, தோழர்களே! இதுவரை உன் உழைப்பு ஆலைக்கு, இனி உன் பொழுது உனக்கு என்று ஊரறியச் சொல்லும் எல்லைக்கோடு அது.

அந்தத் தொழிலாளியின் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள்? ஞாயிறு இரவு கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலும் சின்னசேலம் இரயிலடியிலும் போய்ப் பாருங்கள். தோளிலே பை, பைக்குள்ளே மடிக்கணினி, கையிலே அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம். சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்புகிற படித்த பிள்ளைகள். நிலத்தை அடகு வைத்தும், வங்கியிலே கல்விக் கடன் வாங்கியும் நாம் படிக்கவைத்த பிள்ளைகள். கணக்குத் தணிக்கை நிறுவனத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில், ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள்.

அவர்கள் வேலை பார்க்கும் இடத்திலே சங்கு இல்லை.

"அவர்களுக்கு என்னய்யா குறை? குளிர்சாதன அறை, சுழலும் நாற்காலி, மாதம் பிறந்தால் வங்கியிலே சம்பளம். கரும்பு வெட்டுகிறவன் பிழைப்பைப் பார், பிறகு அவர்களைப் பற்றிப் பேசு" என்று சொல்லும் தோழர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தாயின் மடல்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கேரளத்துத் தாய் ஒருவர் எழுதிய மடல் நாட்டையே உலுக்கியது. அவருடைய மகளுக்கு வயது 26. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் தேர்விலே வென்றவர். அந்த ஆண்டு மார்ச்சில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்னும் உலகப் பெரும் நிறுவனத்தின் புனே அலுவலகத்திலே தணிக்கைப் பிரிவில் சேர்ந்தார். அது அவருடைய முதல் வேலை. நான்கே மாதம். ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் இறந்துபோனார்.

அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்குத் தாய் எழுதிய மடலில் இருந்தவை என்ன? மகள் இரவெல்லாம் வேலை செய்தாள். ஞாயிறும் வேலை செய்தாள். மேலாளர் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு கூட்டங்களைத் தள்ளிவைப்பார். பொழுது சாயும் நேரத்தில் புது வேலையைத் தலையிலே கட்டுவார். அவர் கீழே வேலை பார்ப்பது கடினம் என்று அலுவலக விருந்திலே மேலதிகாரி ஒருவர் வேடிக்கையாகப் பேசினாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளின் இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

நிறுவனம் என்ன சொன்னது? வேலைச் சுமையே உயிரைக் குடித்தது என்பதை ஏற்க முடியாது என்றது. இறுதிச் சடங்குக்கு ஆள் போகாதது தங்கள் பண்பாட்டுக்கே முரணானது என்று தலைவர் வருந்தினார். உடம்பு எதனாலே ஓய்ந்தது என்பதை மருத்துவம் சொல்லட்டும். அதை நாம் தீர்ப்பாக எழுதப் போவதில்லை. ஆனால் மடல் சொன்ன அன்றாட நடப்பு இருக்கிறதே, அதைப் படித்த எத்தனையோ ஆயிரம் இளைஞர்கள் "இது என் அலுவலகத்தின் கதை" என்றார்கள். அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. மராட்டிய மாநிலத் தொழிலாளர் துறையினர் அந்தப் புனே அலுவலகத்தை ஆய்வு செய்தார்கள். 2007-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அலுவலகம், கடைகள்–நிறுவனங்கள் சட்டப்படி பதிவே செய்துகொள்ளவில்லை என்றார்கள். 2024 பிப்ரவரியில்தான் விண்ணப்பம் போட்டதாம். காலங்கடந்த விண்ணப்பம் என்று அது தள்ளப்பட்டதாம். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்து முத்திரை குத்துகிற நிறுவனம், தன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டிலே எழுதிக்கொள்ளவில்லை! நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அந்தச் சட்டம் 2024-இல் எல்லை வகுத்திருந்தது. பதிவே இல்லாத இடத்தில் அந்த எல்லையை யார் போய் அளப்பது?

ஆட்சியாளர் என்ன செய்தனர்? விசாரிப்போம் என்றது தொழிலாளர் அமைச்சகம். அதே செப்டம்பரில் சென்னைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அம்மையார், மன அழுத்தத்தைத் தாங்கும் உள் வலிமையைக் குடும்பமும் கல்விக் கூடமும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், ஆன்மிகம் அதற்குத் துணை என்று பேசினார். கண்டனம் எழுந்ததும், அந்தப் பெண்ணைக் குறை கூறுவது தம் நோக்கமில்லை என்று விளக்கமும் தந்தார். விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் சுமையைத் தாங்கப் பழகு என்று சுமப்பவருக்குச் சொல்லும் நேரத்தில், சுமையைக் குறை என்று ஏற்றுகிறவருக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா?

எழுபதும் தொண்ணூறும்

தனி ஒரு மேலாளரின் கொடுமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. உச்சியிலே அமர்ந்திருப்போரின் எண்ணம் எப்படியோ அப்படித்தான் கீழே நடக்கும்.

2023 அக்டோபரில் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் சுப்பிரமணியன் பேச்சு வெளியே வந்தது. 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டிலே மனைவியின் முகத்தை எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நாட்டைக் கட்டியெழுப்பும் ஆர்வத்தில் சொன்னது என்று நிறுவனம் விளக்கம் கூறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 மணி என்றால் ஏழு நாளும் ஒரு நாள் விடாமல் ஏறத்தாழ 13 மணி நேரம். தாம்பரத்திலோ மாரத்தஹள்ளியிலோ அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்குப் போக வர இரண்டு மணி. மிச்சம் ஒன்பது. அதற்குள்ளே தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், ஊரிலிருக்கும் தாய்க்குப் போன் பேச வேண்டும். இதைச் சொன்னவரின் ஊதியம் என்ன? 2023-24-ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 51 கோடி ரூபாய். அதே நிறுவனத்து ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் 534 மடங்கு என்று நிறுவனத்தின் ஆண்டறிக்கையே கூறுகிறது. 534 மடங்கு ஊதியம் வாங்குகிறவருக்கும் வாரத்திலே 168 மணி நேரந்தான் உண்டு, தோழர்களே!

உழைப்பின் நேரத்தை நீட்டினால் என்ன ஆகும் என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடு அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம். நீண்ட நேர உழைப்பால் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டனர் என்பது அவர்கள் மதிப்பீடு. 55 மணிக்கே இந்தக் கதியென்றால் 70 எங்கே, 90 எங்கே!

வாய் திறவாமை ஏன்?

இவ்வளவும் இருந்தும் அந்தப் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? கோழைகளா? அல்லர். வாயைக் கட்டிப்போடும் கயிறுகள் மூன்று.

முதல் கயிறு, பெயர். ஆலையிலே தொழிலாளி என்றால் தொழிலாளிதான். இங்கே சேர்ந்த இரண்டாம் ஆண்டே அசோசியேட், அனலிஸ்ட், கன்சல்டன்ட் என்று பட்டம் சூட்டுகிறார்கள். "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்கிறார்கள். குடும்பத்திலே சங்கம் வைப்பார்களா என்று பிள்ளை வெட்கப்படுகிறான். ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் அந்த நிதியாண்டில் 2 விழுக்காடு ஊழியரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்ததே, அதிலே பெரும்பாலோர் யார்? நடுத்தட்டிலும் மேல்தட்டிலும் இருப்போர் என்று நிறுவனமே சொன்னது. நேற்றுவரை பிறருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மேலாளர்களும் அதிலே அடக்கம். பட்டம் பெரிதானாலும் அவரும் மாதச் சம்பளத்தை நம்பியவர்தாம்.

இரண்டாம் கயிறு, அப்ரைசல் என்னும் ஆண்டு மதிப்பீடு. பல நிறுவனங்களிலே இது எப்படி நடந்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழுவிலே இத்தனை பேர் சிறந்தவர், இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் தாழ்ந்தவர் என்று விகிதத்தை முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குள்ளே போட ஆளைத் தேடுவார்கள். எல்லாரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாரோ ஒருவன் தாழ்ந்தவனாகத்தான் வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரன் தோழன் அல்லன், போட்டியாளன் என்று ஆக்கிவிடுகிற ஏற்பாடு இது. தனியாக முணுமுணுப்பார்கள், சேர்ந்து கேட்கமாட்டார்கள். குறை இருந்தால் எச்.ஆர். அதிகாரியிடம் சொல்லலாம் என்பார்கள். அவருக்கும் சம்பளம் கொடுப்பது அதே நிறுவனந்தானே!

மூன்றாம் கயிறு நம் வீட்டிலே திரிக்கப்பட்டது. கல்விக் கடன், தங்கையின் திருமணம், அடகிலிருக்கும் நிலம். "வேலையை விட்டுவிடாதேடா" என்று நாம் போனிலே சொல்லுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு ஒரு சுற்று இறுகுகிறது. நம் பெருமையும் அதிலே சேர்த்தி. பிள்ளை பெரிய கம்பெனியிலே இருக்கிறான் என்று ஊரிலே சொல்லிவிட்டோம். அவன் அழுதான் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

கேட்டதாலே வந்தது

சங்கு யார் கொடுத்த கொடை? முதலாளி மனமிரங்கித் தந்ததா? இல்லை. வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டனர், பெற்றனர். இன்று தொண்ணூறு மணி பேசுவோரின் கண்ணை உறுத்துகிறதே ஞாயிறு, அது இப்படிப் போராடிப் பெற்ற ஞாயிறு.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்காம்–கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்கு நண்பகலில் உண்ணக்கூட நேரம் போதவில்லை என்னும் குறைதான் அதற்கு வித்து. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள்; வாடியா தலைவரானார்; திரு.வி.க. உடன் நின்றார். ஆலை நிருவாகம் உயர்நீதிமன்றம் சென்று சங்கத் தலைவர்களுக்குத் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்த வழி இதுதான்.

அதெல்லாம் ஆலைக் கதை என்பீர்களோ? பேனா பிடித்தவர் கதையும் இருக்கிறது. வங்கிக் குமாஸ்தா ஒரு காலத்தில் மேனேஜர் போகச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். 1946-இல் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் அமைந்தது. வங்கி ஊழியருக்குக் கிடைத்த தீர்ப்பை 1954-இல் மத்திய அரசு திருத்தியபோது, அதை ஏற்காமல் வி.வி.கிரி தொழிலாளர் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். பேனா பிடித்தவர் ஒன்றுபட்டதால் அமைச்சரவையே ஆட்டங் கண்டது! இன்று வங்கி வேலை நல்ல வேலை என்று பெண் கொடுக்கிறோமே, அந்த நன்மையிலே சங்கத்தின் வியர்வை பாதி.

அண்மையில் நடந்ததையும் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். முதன்மையான கோரிக்கை, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதே. 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. அதற்கும் முன், 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்திலே நிறைவேறியது. சங்கங்கள் ஒருமுகமாக எதிர்த்தன. சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. சங்கம் இருக்கும் இடத்திலே நேரத்தை நீட்ட முயன்றவர் கை பின்வாங்கியது. சங்கம் இல்லாத இடத்திலே யாரும் சட்டம் போடாமலேயே நேரம் நீண்டுகொண்டிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

சங்கம் வைத்தால் கம்பெனி ஓடிவிடும் என்பார்கள். 1918-இலும் இதைத்தான் சொன்னார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளிலே சங்கம் கூடாது என்றொரு பொய்யும் உலவியது. ஊழியர் கேட்ட கேள்விக்கு விடையாக, அவர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் ஏழு பேர் கையெழுத்திட்டுப் பதிவு கேட்கலாம். நிறுவனத்திலே பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர், உறுப்பினராக இருந்தால் போதும்.

ஆனால் அதே சட்டத்திலே ஒரு கண்ணியும் இருக்கிறது. நிருவாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் "தொழிலாளி" அல்லர் என்கிறது. அதனால்தான் பட்டங்களை வாரி வழங்குகிறார்கள் போலும்! எனினும் பட்டம் என்ன என்று பார்க்காதே, செய்யும் வேலை என்ன என்று பார் என நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. நாளெல்லாம் கணக்குச் சரிபார்க்கிறவரும் நிரல் எழுதுகிறவரும் செய்வது தொழில்நுட்ப வேலை. அந்த வேலையைச் சட்டம் விலக்கவில்லை.

நம் மாநிலத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலெல்லாம் வீங்க நின்ற பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது சட்டமாயிற்று. நிற்பவருக்கு உட்காரும் உரிமை கேட்டோம்; கிடைத்தது. இப்போது உட்கார்ந்திருப்பவர் எழுந்து வீட்டுக்குப் போகும் உரிமையைக் கேட்க வேண்டும். வேலை நேரம் முடிந்தபின் அலுவலகத்துப் போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சு நாட்டிலே 2017 முதலும், ஆஸ்திரேலியாவிலே 2024 ஆகஸ்டு முதலும் சட்டத்திலே இருக்கிறது. அந்த நாடுகளிலே கம்பெனிகள் ஓடிவிடவில்லை.

மலை சொல்லும் பாடம்

இவ்வளவும் படித்துவிட்டு, நாம் எங்கே, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கே என்று ஒரு தோழர் கேட்கலாம். அவரை வெள்ளிமலைப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுகிறேன்.

கல்வராயன் மலையிலே 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நடந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம் என்றே இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். வழக்கம் என்ற பெயரிலே இருந்த ஒன்றை, கூலி கொடுக்காத வேலை என்று சட்டம் பெயரிட்டு அழைத்த பிறகே அது குற்றமாயிற்று.

கணினி முன்னே இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மலைமக்கள் பட்ட துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். அவனுக்குச் சம்பளம் உண்டு, வேலையை விட்டு வெளியேறவும் வழியுண்டு. ஆனால் எட்டு மணிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணி உழைத்தால், அந்த நான்கு மணிக்கு என்ன பெயர்? அர்ப்பணிப்பு என்கிறார்கள், ஆர்வம் என்கிறார்கள், நாட்டுப்பணி என்கிறார்கள். கூலி கொடுக்காத வேலை என்பதே அதன் சரியான பெயர். மலையானாலும் மாடமாளிகையானாலும், முதலில் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழக வேண்டும்.

ஆகவே தோழர்கள் செய்யவேண்டியது என்ன? பொங்கலுக்கோ தேர்தலுக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதை நிறுத்துங்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாய், எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேளுங்கள். அழுதால், "எங்கள் காலத்தில் நாங்கள் படாததா" என்று அடக்காதீர்கள். நீங்கள் சங்கத்திலே சேர்ந்த கதையை, முதல் சந்தா கட்டிய நாளின் அச்சத்தை, பக்கத்திலே நின்றவன் கொடுத்த தைரியத்தைச் சொல்லுங்கள். வேலை செய்த மணிக்கணக்கை நாள்தோறும் ஒரு நோட்டிலே எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதுவே சான்று. தனியாக மேலாளரிடம் மோத வேண்டாம், ஏழு பேரைத் தேடு என்று சொல்லுங்கள். "வேலையை விட்டுவிடாதே" என்ற சொல்லோடு "தனியாக நிற்காதே" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. கைத்தொழிலாளி வேறு, மூளைத் தொழிலாளி வேறு என்று பிரித்துப் பேசுவது முதலாளிக்கு உகந்த பேச்சு. அந்த அலுவலகங்களின் வாயிலிலே நம் துண்டறிக்கை போகட்டும். அவர்களுக்குப் புரிகிற மொழியிலே, அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்திலே போகட்டும்.

கச்சிராயப்பாளையத்து ஆலையின் சங்கு சென்னைக்குக் கேட்காது. அங்கே உள்ளவர்களே ஒன்றுகூடித் தங்கள் சங்கை ஊத வேண்டும். அதை எப்படி ஊதுவது என்பது தெரிந்தவர்கள் நாம். கற்றுக்கொடுப்பது நம் கடமை.